பாட்டுப் பெட்டியும் படப் பெட்டியும்

2004-ஆம் ஆண்டின் பிற்பாதியில் அமெரிக்கக் கடைகளில் இரண்டு பெட்டிகள் அருகருகே இருந்தன. ஒன்று ஆப்பிளின் நான்காம் தலைமுறை ஐபாட். 20 ஜிபி ஹார்டு டிஸ்க், 299 டாலர் விலை, 160 கிராமுக்குள் எடை, கறுப்பு வெள்ளைத் திரை. பாட்டுக்காகவே செய்த பெட்டி. இன்னொன்று சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் கொண்டுவந்த ஜென் போர்ட்டபிள் மீடியா சென்டர். அதிலும் 20 ஜிபிதான், ஆனால் 3.8 அங்குல வண்ணத் திரை, 300 கிராமுக்கு மேல் எடை, 499 டாலர் விலை. பாட்டு, சினிமா, புகைப்படம் மூன்றும் அதில் உண்டு. மென்பொருள் மைக்ரோசாஃப்ட்டுடையது. சாம்சங்கும் ஐரிவரும் அதே மென்பொருளை வைத்துத் தங்கள் பெட்டிகளைச் செய்தன. அவர்களுக்கு முன்பே பிரான்சின் ஆர்க்கோஸ் நிறுவனம் 2002-இல் ஒன்றரை அங்குலத் திரையோடும், 2003-இல் 3.8 அங்குலத் திரையோடும் வீடியோ பிளேயர்களை விற்கத் தொடங்கியிருந்தது.

விவரப் பட்டியலை வைத்து ஒப்பிட்டால் படப் பெட்டிதான் ஜெயித்திருக்க வேண்டும். ஐபாட் செய்த வேலையை அது செய்தது, ஐபாட் செய்யாத வேலையையும் செய்தது. நடந்தது வேறு. 2006 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஸூன் என்ற கருவியோடு வந்தபோது, அது ஐபாடைப் பார்த்துச் செய்த மியூசிக் பிளேயராகத்தான் இருந்தது. மீடியா சென்டர் வரிசை ஓய்ந்துபோயிருந்தது. ஐபாட் வரிசையோ மொத்தம் 45 கோடி அளவுக்கு விற்று, 2022 மே மாதம்தான் விடைபெற்றது.

இந்த முடிவு விலையாலும் விளம்பரத்தாலும் வந்ததா, இல்லை, பாட்டுக் கருவியோடு படக் கருவி போட்டியிடவே முடியாதபடி உள்ளுக்குள் ஏதாவது காரணம் இருக்கிறதா? இரண்டுமே இன்று மொபைலுக்குள் கரைந்துவிட்ட பிறகு இது பழைய கதைபோலத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டுக் கேட்க ஒரு பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, இருபது வருஷத்துக்கு முந்தைய இந்தப் போட்டியை விடத் தெளிவான சோதனை வேறெங்கும் நடக்கவில்லை.

போட்டி என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். விமானத்தில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து வருகிறவர் மடியில் ஆர்க்கோஸை வைத்துப் படம் பார்த்தால், அது ஐபாடைத் தோற்கடித்ததாகாது. அவர் கையில் அந்தப் பெட்டி இல்லாவிட்டால் பத்திரிகை படித்திருப்பார் அல்லது தூங்கியிருப்பார். மியூசிக் பிளேயரைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பும் ஒருவர், அதை வீட்டில் வைத்துவிட்டு அதற்குப் பதிலாக வீடியோ பிளேயரைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறாரா? அவர் பாட்டுக் கேட்கும் நேரமெல்லாம் இந்தப் பெட்டியில் கழிகிறதா? கழிந்தால் அது போட்டி. நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் இதுதான்.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களில் முதலாவது பேட்டரி. படம் ஓட்டினால் சார்ஜ் நிற்காது, அதனால்தான் எடுபடவில்லை என்பார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. கிரியேட்டிவ் தன் மீடியா சென்டருக்குச் சொன்ன அளவு: பாட்டென்றால் 22 மணி நேரம், படமென்றால் 7 மணி நேரம். நான்காம் தலைமுறை ஐபாடுக்கு ஆப்பிள் சொன்னது 12 மணி நேரம். அதாவது வெறும் பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டாலும் படப் பெட்டிதான் அதிக நேரம் பாடியது. பெரிய திரைக்காகப் பெரிய பேட்டரி வைத்திருந்தார்கள்; அதன் பலன் பாட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தப் பேட்டரியின் பாரத்தையும் பாட்டுக் கேட்பவர்தான் சுமந்தார் என்பது வேறு விஷயம்.

ஆனால் பேட்டரிக் கணக்குக்கு அடியில் உண்மையான ஒரு வேறுபாடு இருக்கிறது. அதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். அன்றைய ஐபாடுகளுக்குள் சுழன்றது 1.8 அங்குல ஹார்டு டிஸ்க். அது சுழலச் சுழல மின்சாரம் போகும். 2001-இல் வந்த முதல் ஐபாடிலேயே இதற்கு வழி கண்டிருந்தார்கள்: 32 எம்பி மெமரி ஒன்றை வைத்து, டிஸ்க்கிலிருந்து சில பாடல்களை மொத்தமாக அதில் அள்ளிப் போட்டுவிட்டு டிஸ்க்கை நிறுத்திவிடுவது. 128 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு ஒரு எம்பிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் எடுக்கும். ஆகவே ஒருமுறை அள்ளினால் கிட்டத்தட்ட அரை மணி நேரம் டிஸ்க் தூங்கலாம். 2005 அக்டோபரில் வந்த ஐந்தாம் தலைமுறை ஐபாட் வீடியோவும் காட்டியது. அதன் எச்.264 படம் நொடிக்கு 768 கிலோபிட் வரை போகும். ஒலியையும் சேர்த்தால் நிமிடத்துக்கு ஆறரை எம்பிக்கு மேல். அதே 32 எம்பியில் ஐந்து நிமிடப் படம்கூட அடங்காது. டிஸ்க் அடிக்கடி விழித்துச் சுழலும், திரை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், சிப்பும் ஓய்வில்லாமல் படத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும். 30 ஜிபி மாடலுக்கு ஆப்பிளே சொன்ன அளவு பாட்டுக்கு 14 மணி, படத்துக்கு 2 மணி. ஏழில் ஒரு பங்கு.

இருந்தாலும் இதைத் தீர்ப்பின் அடிப்படையாக வைக்க முடியாது. கொரியாவின் கவான் நிறுவனம் 2006-இல் கொண்டுவந்த டி2, டிஸ்க்கே இல்லாமல் ஃபிளாஷ் மெமரியில் ஓடியது. பாட்டு 52 மணி நேரம், படம் 10 மணி நேரம். இடைவெளி மறையவில்லை, ஆனால் 10 மணி நேரப் படம் என்பது ஒரு நாளைக்குப் போதும். தொழில்நுட்பம் வளர வளர மறையும் குறை ஒன்றை இயல்பான குறை என்று சொல்வது நியாயமில்லை.

விலையும் அப்படித்தான். 200 டாலர் வித்தியாசம் 2004-இல் பெரிய தடை. ஐந்தாம் தலைமுறை ஐபாட் 299 டாலருக்கே வீடியோ காட்டியபோது அந்தத் தடை போய்விட்டது.

மூன்றாவது காரணம் திரையின் அளவு. ஹெட்போனுக்கு ஈடான ஒன்று படத்துக்கு இல்லை என்று ஸ்டீவ் ஜாப்ஸ் அந்த ஆண்டுகளில் பொது மேடைகளில் சொல்லிவந்தார். சின்ன இயர்போன் நல்ல ஸ்பீக்கரின் அனுபவத்தைக் காதுக்குத் தந்துவிடும், சின்னத் திரை பெரிய திரையின் அனுபவத்தைத் தராது என்பது அவர் வாதம். கேட்பதற்கு அசைக்க முடியாததுபோல் இருக்கும் இந்த வாதத்தை வரலாறு தள்ளிவிட்டது. இன்று ஆறு அங்குல மொபைலில் முழுநீளப் படம் பார்க்கிறார்கள், கிரிக்கெட் பார்க்கிறார்கள். வீட்டு டிவிக்கு அது ஈடில்லை என்று தெரிந்தேதான் பார்க்கிறார்கள். பேருந்தில் தியேட்டர் அனுபவம் வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. ஜாப்ஸ் சொன்ன காரணம் தவறு. அவர் வந்து சேர்ந்த முடிவு, என்னுடைய கணக்கில், சரி.

நான்காவதாக, சரக்கு. அந்தக் காலத்தில் இதுதான் உண்மையிலேயே கழுத்தைப் பிடித்தது. சிடியில் பூட்டு கிடையாது. கம்ப்யூட்டரில் போட்டால் பத்து நிமிடத்தில் பாடல்கள் எம்பி3 ஆகிவிடும். 1998-இல் 32 எம்பி மெமரியோடு ரியோ பிளேயர் வந்தபோது அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் வழக்குப் போட்டது. 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரியோவின் பக்கம் நின்றது. ஆகவே ஐபாட் வாங்கியவர் வீட்டில் அதற்கான தீனி ஏற்கெனவே அலமாரியில் இருந்தது. டிவிடி அப்படியில்லை. அதற்குப் பூட்டு உண்டு. பூட்டை உடைப்பது அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ சட்டத்துக்கு விரோதம். உடைத்தாலும், அன்றைய கம்ப்யூட்டரில் ஒரு படத்தைச் சின்ன அளவுக்கு மாற்றி முடிக்க மணிக்கணக்கில் ஆகும். ஆர்க்கோஸ் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டது: டிவியோடு வயரால் இணைத்து நேரடியாகப் பதிவு செய்துகொள்வது. ஒரு மணி நேர நிகழ்ச்சியைப் பதிவு செய்ய ஒரு மணி நேரம் வேண்டும். 2005-இல் அமெரிக்காவில் வெளிவந்த சோனியின் பிஎஸ்பிக்கு யுஎம்டி என்ற குட்டி வட்டில் படங்கள் விற்றார்கள். வீட்டில் டிவிடியாக இருக்கும் அதே படத்தை இன்னொரு முறை காசு கொடுத்து வாங்கச் சொன்னது அது. 2006-இலேயே பெரிய ஸ்டூடியோக்கள் அதிலிருந்து பின்வாங்கத் தொடங்கின.

இதுவும் காலத்தால் தீர்ந்த குறைதான். இன்று படத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே பேட்டரி, விலை, திரை, சரக்கு ஆகிய நான்கும் 2004-இன் தோல்வியை விளக்குமே தவிர, போட்டியிடவே முடியுமா என்ற கேள்விக்குப் பதில் தராது. இவை எல்லாம் சரியான பிறகும் எஞ்சுவது எது?

எஞ்சுவது இரண்டு. ஒன்று, பாட்டு திரும்பத் திரும்பக் கேட்கப்படுவது. பிடித்த பாட்டை ஒருவர் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான முறை கேட்பார். பிடித்த படத்தை மூன்று முறை பார்த்தாலே அதிகம். 30 ஜிபி ஐபாடில் 7,500 பாடல்கள் அல்லது 75 மணி நேர வீடியோ அடங்கும் என்றது ஆப்பிள். 7,500 பாடல்கள் என்றால் சுமார் 500 மணி நேரம். அதுவும் கேட்டு முடித்துத் தூக்கிப்போடும் 500 மணி நேரம் இல்லை, வருஷக்கணக்கில் சுற்றிச் சுற்றி வரும். 75 மணி நேர வீடியோவைப் பார்த்து முடித்தால் அழித்துவிட்டுப் புதிதாக நிரப்பியாக வேண்டும். பாட்டுச் சேகரம் வீட்டுக் கிணறு மாதிரி. படச் சேகரம் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரி. மாதக்கணக்கில் கம்ப்யூட்டரோடு இணைக்காமலே ஒரு மியூசிக் பிளேயரோடு வாழ முடியும். வீடியோ பிளேயர் அப்படி விடாது.

இரண்டாவதுதான் முக்கியமானது. படம் கண்ணைக் கேட்கிறது, கண்ணோடு கையையும் கேட்கிறது. பாட்டுக்குக் காது போதும். நாள் முழுக்கப் பார்த்தால் கண்ணும் கையும் இரண்டுமே சும்மா இருக்கும் நேரம் நமக்கு எவ்வளவு இருக்கிறது? பெரும்பாலும் இரண்டில் ஒன்றாவது வேலையில் இருக்கும்: காலையில் நடக்கும்போது, சமையற்கட்டில், பாத்திரம் தேய்க்கும்போது, கூட்டமான ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, தறியில், தையல் மெஷினில், அலுவலகத்தில் கணக்கு டைப் செய்யும்போது. இந்த நேரமெல்லாம் பாட்டுக்கு உரியது. படத்துக்கு இதில் ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. படத்துக்குக் கிடைப்பது உட்கார இடம் கிடைத்து, வேறு வேலையும் இல்லாத நேரம். அந்த நேரத்தில் வீடியோ பிளேயரோடு மோதுவது மியூசிக் பிளேயர் இல்லை. புத்தகம், செய்தித்தாள், தூக்கம், பக்கத்து இருக்கைக்காரரோடு பேச்சு. ஆக இரண்டு கருவிகளும் நேரத்தில் சந்திப்பதே அபூர்வம். அவை சந்திக்கும் ஒரே இடம் சட்டைப் பை. அங்கே இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம்.

சட்டைப் பைக்குள் போன பிறகு திரைக்கு வேலை இல்லை. அங்கே ஒரு கருவியின் தரம் எதில் தெரியும் என்றால், வெளியே எடுக்காமல் அதை எவ்வளவு ஆள முடிகிறது என்பதில்தான். பழைய ஐபாடைப் பையில் வைத்தபடியே, துணியோடு சேர்த்து அதன் சக்கரத்தின் வலது ஓரத்தை அமுக்கினால் அடுத்த பாட்டு வந்துவிடும். கீழ் ஓரத்தை அமுக்கினால் நிற்கும். கை தவறிப் பட்டுவிடாமலிருக்க மேலே ஹோல்டு பொத்தான். கண்ணே தேவையில்லை. மீடியா சென்டரோ படுக்கைவாட்டில் இரண்டு கையாலும் பிடித்துப் பார்ப்பதற்கென்று வடிவமைக்கப்பட்டது. பாட்டு மாற்ற வேண்டுமென்றாலும் முதலில் அதை வெளியே எடுக்க வேண்டும், பிறகு திரையைப் பார்க்க வேண்டும். ஒரு பாட்டைத் தாண்ட நாலு நொடி என்பது கேட்பதற்கு அற்பம். ஒரு கையில் பை, ஒரு கையில் கம்பி என்று நிற்பவருக்கு அது அற்பமில்லை. அந்தப் பாட்டைப் பொறுத்துக்கொண்டு கேட்பார், பிறகு அந்தப் பெட்டியையே வீட்டில் விட்டுவிட்டு வருவார்.

இதை ஆப்பிளே தன் சொந்தக் கருவியில் பட்டுத் தெரிந்துகொண்டது. 2007 செப்டம்பரில் வந்த முதல் ஐபாட் டச், முகம் முழுக்க 3.5 அங்குலத் திரை. வெளியே ஒலியைக் கூட்டக் குறைக்கப் பொத்தான் கிடையாது! சத்தத்தைக் குறைக்க வேண்டுமென்றால் பெட்டியை எடுத்து, திரையை எழுப்பி, பட்டையை விரலால் நகர்த்த வேண்டும். அடுத்த ஆண்டே வந்த இரண்டாம் தலைமுறையில் ஓரத்தில் ஒலிப் பொத்தான்கள் முளைத்தன. பாட்டுக் கருவிகளின் அரசன் என்று பேரெடுத்த நிறுவனம்கூட, திரை வந்ததும் காதை ஒரு வருஷம் மறந்துபோயிருந்தது.

என் கட்சிக்கு எதிரான வலுவான சாட்சியை இனிப் பார்க்க வேண்டும். அது அதே ஐந்தாம் தலைமுறை ஐபாட். படம் காட்டும் கருவி எடுபடாது என்றால் இது எப்படி எடுபட்டது? ஐடியூன்ஸ் கடையில் ஒரு எபிசோட் 1.99 டாலர் என்று லாஸ்ட், டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ் போன்ற சில தொடர்களையும் இரண்டாயிரம் சொச்சம் இசை வீடியோக்களையும் வைத்து விற்றார்கள். இருபது நாளுக்குள் பத்து லட்சம் வீடியோ விற்றது. அவ்வளவு சின்னச் சரக்குக்கு இது சாதாரண விற்பனை இல்லை. படத்துக்கான பசி உண்மை என்பதை இது நிரூபிக்கிறது. அதை மறுப்பவர்களோடு நான் இல்லை.

ஆனால் அந்தப் பெட்டியை எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். முந்தைய 20 ஜிபி ஐபாடை விட அது மெலிது, 11 மில்லிமீட்டர்தான். எடையும் குறைவு, 136 கிராம். திரை மட்டும் இரண்டிலிருந்து இரண்டரை அங்குலமாக வளர்ந்தது. சக்கரம் அதே இடத்தில். விலை அதே 299. உள்ளே இருந்த உல்ஃப்சன் நிறுவனத்தின் ஒலிச் சிப்பை, ஒலியில் கறாரான ரசிகர்கள் இன்றும் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். அதாவது, பாட்டுக் கேட்பவரிடமிருந்து ஒரு கிராம், ஒரு டாலர், ஒரு பொத்தான்கூடப் பிடுங்காமல் படம் உள்ளே நுழைந்தது. படம் பார்க்கவே பார்க்காதவருக்கும் அதை வாங்குவதில் நஷ்டமில்லை. ஆக இங்கே வென்றது வீடியோ பிளேயர் இல்லை, வீடியோவையும் இடுக்கிக்கொண்ட மியூசிக் பிளேயர். இந்தப் பாதை ஒருவழிப் பாதை என்பதுதான் கவனிக்க வேண்டியது. பாட்டுப் பெட்டி படத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். படத்துக்கென்று திரையும் பேட்டரியும் பிடியும் முடிவான பெட்டி, பாட்டுக்கு ஏற்றபடி சுருங்க முடியாது.

ஐபாட் நானோவின் கதை இதை இன்னும் கூர்மையாகச் சொல்கிறது. 2007-இல் மூன்றாம் தலைமுறை நானோ வீடியோ காட்டத் தொடங்கியது. 2009-இல் ஐந்தாம் தலைமுறைக்கு வீடியோ கேமராவே வைத்தார்கள். 2010-இல் ஆறாம் தலைமுறை வந்தபோது கேமரா போய்விட்டது, வீடியோவும் போய்விட்டது. சட்டையில் மாட்டும் சதுர வில்லையாக அது சுருங்கியது. உலகின் பெரிய மியூசிக் பிளேயர் நிறுவனம் படத்தைத் தானாகவே கழற்றி எறிந்தது என்பது என் வாதத்துக்குச் சாதகம்தானே என்று நான் நிறுத்திக்கொள்ளலாம். அது நேர்மையாகாது. அந்தச் சதுர நானோவிலும் முகம் முழுக்கத் தொடுதிரைதான். ஒலிப் பொத்தான் இருந்தது, ஆனால் பாட்டை நிறுத்தவும் தாண்டவும் தனிப் பொத்தான் இல்லை. படத்தைக் கழற்றியும் அது நல்ல பாட்டுப் பெட்டியாகிவிடவில்லை. 2012-இல் ஏழாம் தலைமுறையில் ஒலிப் பொத்தான்களுக்கு நடுவே நிறுத்தும் பொத்தானையும் வைத்தார்கள். வீடியோவும் கூடவே திரும்பி வந்தது. எனக்கு அந்த வரிசையில் பிடித்தது அந்த ஏழாவதுதான். படம் இருப்பதோ இல்லாததோ பிரச்சினையே இல்லை, பொத்தான் இருக்கிறதா என்பதே பிரச்சினை என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

வீடியோ பிளேயர் தனியாக வேர்பிடித்த நாடு ஒன்று உண்டு: தென்கொரியா. அங்கே அதைப் பிஎம்பி என்பார்கள். கல்லூரி நுழைவுத் தேர்வுக்கான பாடங்களை ஈபிஎஸ் என்ற அரசுக் கல்வி ஒளிபரப்பு 2004 முதல் இணையத்தில் தந்தது. தனியார் பயிற்சி நிறுவனங்களும் தந்தன. மாணவர்கள் அந்த வகுப்புகளைப் பிஎம்பியில் இறக்கிக்கொண்டு நூலகத்திலும் பேருந்திலும் பார்த்தார்கள். 2005-இல் டிஎம்பி ஒளிபரப்பு வந்ததும் கையில் டிவியும் ஓடியது. இந்த வெற்றி எனக்கு எதிரான சாட்சிபோல் தெரிந்தாலும் உண்மையில் ஆதரவுதான். பாட்டோடு மோதாமல், உட்கார்ந்து கவனிக்க வேண்டிய வேறு வேலை ஒன்று கிடைத்த இடத்தில்தான் அது பிழைத்தது. அதே கொரியாவின் ஐரிவரும் கவானும் தனி மியூசிக் பிளேயர்களை விற்றுக்கொண்டேதான் இருந்தன. ஐரிவரின் வீட்டிலிருந்துதான் பின்னாளில் ஆஸ்டெல் அண்ட் கெர்ன் என்ற உயர்தர இசைக் கருவி வரிசையும் பிறந்தது.

தமிழ் வாசகர் இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம். நமக்குப் பாட்டென்றாலே பெரும்பாலும் சினிமாப் பாட்டு. அதற்குக் காட்சி கூடவே உண்டு. வெள்ளிக்கிழமை மாலை ‘ஒலியும் ஒளியும்’ பார்க்கத் தெருவே டிவி இருக்கும் வீட்டில் கூடியது. அப்படியென்றால் நமக்கு மட்டுமாவது வீடியோ பிளேயர்தானே பொருத்தம்? கேள்வி கனமானது. ஆனால் நம் பாட்டுப் பழக்கத்தை யோசித்தால் பதில் மாறும். இலங்கை வானொலியிலும் விவித பாரதியிலும் கேட்டுத்தான் பாட்டு நமக்குள் இறங்கியது. கேசட் காலத்தில் படத்துக்கு வாரக்கணக்கில் முன்பே பாட்டு வந்துவிடும். படம் பார்க்கப் போகும்போது பாட்டு மனப்பாடம். காட்சி, பாட்டுக்குப் பிறகு வந்தது. பல பாடல்களுக்குக் காட்சியைப் பார்க்காமல் இருந்திருக்கலாமே என்று வருந்தியவர்கள் நம்மில் ஏராளம்.

2000-களின் பிற்பாதியில் சென்னை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் எம்பி4 பிளேயர் என்ற பெயரில் சீனப் பெட்டிகள் குவிந்தன. ஒன்றே முக்கால் அங்குலத் திரை. கூடவே ஒரு குட்டி சிடி. அதிலிருக்கும் மென்பொருளில் போட்டு வீடியோவை ஏஎம்வி என்ற வடிவத்துக்கு மாற்றினால்தான் பெட்டி ஏற்கும். படம் துணுக்குத் துணுக்காக அசையும். திரை விளக்கு எரியும்போது இயர்போனில் மெல்லிய இரைச்சலும் சேர்ந்து வரும். வாங்கிய புதிதில் நண்பர்களுக்குக் காட்டப் படம் ஓடும். பிறகு அது பாட்டுக் கேட்கும் பெட்டியாகிவிடும். அதை வைத்திருந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். 2017-இல், ஜியோ வந்து டேட்டா மலிந்து யூடியூப் எல்லார் கையிலும் வந்துவிட்ட பிறகு, சரிகமா நிறுவனம் 5,000 பாட்டை ஏற்றி, பழைய ரேடியோ உருவில், படம் காட்டும் திரை இல்லாமல், திருகும் பொத்தானோடு கேரவானை 6,000 ரூபாய் அளவுக்கு விற்றது. தமிழ்ப் பாட்டுக்கென்று தனிப் பெட்டியும் வந்தது. அப்பா அம்மாவுக்குப் பரிசாக அது வீடு வீடாகப் போனது. ஏழை எளியவர் வாங்கும் விலையில்லை. ஆனாலும் திரையில்லாத பெட்டிக்குக் காசு கொடுக்க ஆள் இருந்தார்கள்.

கடைசி மறுப்பு மொபைல். முடிவில் ஐபாடைக் கொன்றது ஒரு திரைதானே? 2007 ஜனவரியில் ஐஃபோனை அறிவித்தபோது அதை அகலத் திரை ஐபாட் என்றும்தான் அறிமுகம் செய்தார்கள். ஆக நீண்டகாலக் கணக்கில் படப் பெட்டி வென்றுவிட்டது என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. மொபைல் பையில் இடம் பிடித்தது படத்தால் இல்லை, பேச்சால். எப்படியும் கூட இருக்கப்போகும் பெட்டி என்பதால் பாட்டும் படமும் அதற்குள் குடியேறின. வீடியோ பிளேயரையும் அதே மொபைல்தான் கொன்றது. ஆர்க்கோஸும் கடைசியில் டேப்லெட்டுக்கும் மொபைலுக்கும் மாறியது. இரண்டு பேரும் மூன்றாமவரிடம் தோற்ற போட்டியில், ஒருவர் இன்னொருவரை வென்றதாகக் கணக்கெழுத முடியாது.

மொபைலுக்குள்ளேயே அந்தப் பழைய போட்டி தொடர்வதைத்தான் நான் அதிகம் கவனிக்கிறேன். நம் ஊரில் பாட்டுக் கேட்பவர்கள் பெருவாரியாக யூடியூபில் கேட்கிறார்கள். இலவசச் செயலியில் திரையை அணைத்தால் பாட்டு நின்றுவிடும். அதனால் வெளிச்சத்தைக் குறைத்து, மொபைலைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சமைக்கிறார்கள். படத்தோடு வரும் பாட்டைப் படமில்லாமல் கேட்க இத்தனை பாடு. 2019 மார்ச்சில் யூடியூப் பிரீமியம் மாதம் 129 ரூபாய்க்கு இந்தியாவுக்கு வந்தபோது, விளம்பரமின்மைக்கு அடுத்தபடியாக அது விற்ற வசதி திரை அணைந்த பிறகும் பாட்டு ஓடும் என்பது. உலகின் மிகப் பெரிய வீடியோ சேவை, வீடியோவை நிறுத்திக்கொள்வதற்கு நம்மிடம் காசு கேட்கிறது, கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. படத்தை மையமாக வைத்துச் செய்த கருவி, பாட்டுக் கருவியின் இடத்தைப் பிடிக்க முடியாது. பேட்டரி இரட்டிப்பானாலும், விலை பாதியானாலும், சரக்கு கொட்டிக்கிடந்தாலும் முடியாது. ஏனென்றால் பாட்டின் நேரம் கண் வேறு வேலையில் இருக்கும் நேரம். பாட்டுக் கேட்பவரின் கையிலிருந்து எதையும் பிடுங்காத வரைக்கும் படம் அந்தக் கருவியில் தங்கலாம். தங்கும் உரிமை அதற்கு உண்டு, தலைமை உரிமை கிடையாது.

இன்று தனியாக ஒரு மியூசிக் பிளேயர் வாங்க நினைப்பவருக்கு இந்தத் தீர்ப்பு நேரடியாகப் பயன்படும். 2023-இல் சோனி கொண்டுவந்த வாக்மேன் என்டபிள்யூ-ஏ306-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் ஓடுகிறது, 3.6 அங்குலத் திரை இருக்கிறது, வேண்டுமானால் யூடியூபும் பார்க்கலாம். ஆனால் சோனி முன்னிறுத்தும் பேட்டரிக் கணக்கு பாட்டுக்குத்தான்: 36 மணி நேரம். பக்கவாட்டில் ஒலி, நிறுத்தம், முன் பாட்டு, அடுத்த பாட்டு என்று தனித்தனிப் பொத்தான்கள், கீழே தள்ளிப் பூட்டும் ஹோல்டு. விலையைப் பார்த்தால் பலருக்கும் கட்டுப்படியாகாது. மொபைலில் இருக்கும் ஸ்பாட்டிஃபையே போதும் என்பவரோடு எனக்குச் சண்டையும் இல்லை. தனிப் பெட்டிதான் வேண்டும் என்று முடிவெடுத்தவர் கடையில் அதன் திரையை அணைத்து, பேன்ட் பையில் போட்டு, எடுக்காமலே நாலு பாட்டு மாற்றிப் பார்க்கட்டும். அதில் தேறாத பெட்டியை, திரை எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், வாங்க வேண்டாம்.